சிங்கம் என்று சொல்வதற்கு முன்: இன்டர்வியூவில் வரும் வினோதக் கேள்விகள்

“உங்களை ஒரு விலங்கோடு ஒப்பிடச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?”

ஹெச்.ஆர். ரவுண்டில் இந்தக் கேள்வி விழுந்ததும் பிள்ளைகளின் முகம் மாறிவிடும். டி.பி.எம்.எஸ்., ஓ.எஸ்., ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்று விடிய விடியப் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இது எந்தப் பாடத்தில் வருகிறது என்று புரியாது. பெரும்பாலும் வரும் பதில் சிங்கம். ஏன் என்று கேட்டால் ‘லீடர்ஷிப் குவாலிட்டி’. அதோடு பேச்சு நின்றுவிடும். கேட்டவர் கையில் இருக்கும் தாளில் எழுத ஒன்றும் கிடைத்திருக்காது.

அந்தத் தாளைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். கேம்பஸ் இன்டர்வியூவில் பேனல் முன்னால் இருப்பது ஒரு ஏ4 தாள், அல்லது லேப்டாப்பில் ஒரு ஃபார்ம். மேலே பெயர், ரெஜிஸ்டர் நம்பர், பிராஞ்ச். கீழே ஐந்தாறு வரி: பேச்சில் தெளிவு, கற்றுக்கொள்ளும் ஆர்வம், குழுவோடு ஒத்துப்போவது, நெருக்கடியைத் தாங்குவது, தன்னைப் பற்றிய தெளிவு, ஷிப்ட்டுக்கும் வெளியூருக்கும் சம்மதமா. ஒவ்வொன்றுக்கும் எதிரே 1 முதல் 5 வரை கட்டம். கடைசியில் ‘ரிமார்க்ஸ்’ என்று இரண்டு வரி இடம். ஒருவருக்கு 10 முதல் 15 நிமிடம்; ஒரு பேனல் ஒரே நாளில் 30, 40 பேரைப் பார்க்கும். சாயங்காலம் பட்டியல் போட உட்காரும்போது காலை 9 மணிக்கு வந்தவரின் முகம் நினைவில் இருக்காது. ரிமார்க்ஸில் எழுதியது மட்டும்தான் அவருக்காகப் பேசும்.

‘சிங்கம், லீடர்ஷிப்’ என்பதை இந்தக் கட்டங்களில் எதில் போடுவது? எதிலும் போட முடியாது. அதே கேள்விக்கு ஒருவர், “எறும்பு. ஒரு வழி அடைத்தால் சுற்றிப் போகும். எங்கள் ப்ராஜெக்டில் சென்சார் வர 3 வாரம் தாமதமானது. அதுவரை சும்மா இருக்காமல் பழைய டேட்டாவை வைத்து டிஸ்ப்ளே பகுதியை முடித்து வைத்தேன். சென்சார் வந்த 2 நாளில் ரிவ்யூ கொடுத்தோம்” என்றால், பேனா உடனே நகரும். எறும்புக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. சென்சாருக்குத்தான்.

நேரடியாகவே கேட்டுவிடலாமே, ஏன் சுற்றி வளைக்கிறார்கள் என்று தோன்றும். நேரடிக் கேள்விகள் தேய்ந்துபோய்விட்டன என்பதுதான் காரணம். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’, ‘5 வருடத்தில் எங்கே இருப்பீர்கள்’ ஆகியவற்றுக்கு சீனியர்கள் அனுப்பிய பி.டி.எஃப். இருக்கிறது, ப்ளேஸ்மென்ட் டிரெய்னிங்கில் எழுதிக் கொடுத்த பத்தி இருக்கிறது. ஒரே கல்லூரியில் இருந்து வரும் 40 பேரில் பலர் அதே பத்தியை அதே ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிக்கும்போது, யார் எப்படிப்பட்டவர் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. அந்த ஒப்பித்தலை நிறுத்தி, ஆளை ஒரு நிமிடமாவது சொந்தமாக யோசிக்க வைக்கத்தான் வினோதக் கேள்வி. அமெரிக்காவில் ஆன்லைனில் செருப்பு விற்ற ஸாப்போஸ் நிறுவனம், ‘1 முதல் 10 வரை நீங்கள் எவ்வளவு விசித்திரமானவர்?’ என்று கேட்கும். அதன் தலைவராக இருந்த டோனி ஷே இதற்குச் சொன்ன விளக்கம், எண் அவ்வளவு முக்கியமில்லை, அந்தக் கேள்வியை ஒருவர் எப்படி எதிர்கொள்கிறார் என்பதே முக்கியம் என்பது. கொஞ்சம் விசித்திரம் வேண்டும் என்பது அந்த நிறுவனம் எழுதியே வைத்திருந்த கொள்கை. ஆகவே அவர்கள் தாளில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. 1921இல் தாமஸ் எடிசன் தன்னிடம் வேலை கேட்டு வந்த பட்டதாரிகளுக்கு ஏறத்தாழ 150 கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தார். மண்ணெண்ணெய்ப் பீப்பாய் எந்த மரத்தில் செய்வது, வோல்கா நதி எங்கே ஓடுகிறது என்ற வகைக் கேள்விகள். கேள்விகள் பத்திரிகைகளில் வெளியாகி நாடு முழுக்கப் பேச்சானது. அந்த மே மாதம் பாஸ்டனுக்கு வந்த ஐன்ஸ்டைனிடம் ஒலியின் வேகம் என்ன என்று கேட்டார்கள். புத்தகத்தில் கிடைப்பதை மண்டையில் சுமப்பதில்லை என்று சொல்லிவிட்டார். எடிசன் தேடியது நினைவாற்றல். வேலைக்கு அது எவ்வளவு தேவை என்ற கேள்வி அன்றைக்கே எழுந்துவிட்டது.

பிற்காலத்தில் புதிர்கள் வந்தன. சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்பது மைக்ரோசாஃப்ட்டோடு சேர்த்துப் பேசப்பட்ட கேள்வி. ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்பது இன்னொன்று. கூகுளில் மனிதவளத் துறைக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், 2013 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் இதை உடைத்துச் சொன்னார்: இந்தப் புதிர்கள் எதையும் கணித்துச் சொல்வதில்லை, கேட்பவர் தன்னைப் புத்திசாலியாக உணர்வதற்கே உதவுகின்றன. அத்தனை ஆயிரம் பேரை எடுத்த இடத்திலிருந்து வந்த வார்த்தை என்பதால் பலர் புதிரைக் கைவிட்டார்கள்.

ஆனாலும் கன்சல்டிங், அனலிடிக்ஸ் வேலைகளில் ‘சென்னையில் எத்தனை டீக்கடை?’ ரகக் கேள்வி இன்னும் வருகிறது. இதற்கு விடை யாரிடமும் இல்லை, கணக்கை வாய்விட்டுப் போட வேண்டும். மக்கள்தொகை 80 லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன். நாலில் ஒருவர் தினமும் வெளியே ஒரு டீ குடிக்கிறார் என்றால் 20 லட்சம் டீ. ஒரு கடை நாளைக்கு 400 டீ போட்டால் 5,000 கடை. இங்கே பலர் நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த படிதான் முக்கியம்: 5,000 கடை என்றால் 1,600 பேருக்கு ஒரு கடை, எங்கள் தெருவைச் சுற்றிப் பார்த்தால் அதைவிட நெருக்கமாக இருக்கிறது, சின்னக் கடைகளும் உண்டு என்பதால் 400ஐ 250 ஆக்குகிறேன், 8,000 வருகிறது, 1,000 பேருக்கு ஒன்று. தன் கணக்கைத் தானே சந்தேகித்துத் திருத்துகிறவர் என்று தாளில் ஏறும். எண் தப்பாக இருந்தாலும் பாதகமில்லை. எண்ணை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால்தான் பாதகம்.

எல்லாவற்றிலும் அதிகம் பேரை வீழ்த்துவது வினோதக் கேள்வியே அல்ல, பழைய ‘உங்கள் பலவீனம் என்ன?’. ‘நான் ஒரு பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்’, ‘ரொம்ப உழைப்பேன்’ என்ற பதில்களை ஒரு பேனல் ஒரே நாளில் பலமுறை கேட்கும். இந்தக் கேள்விக்கு எதிரே உள்ள கட்டம் ‘தன்னைப் பற்றிய தெளிவு’. பலவீனத்தைப் பலமாக மாற்றிச் சொன்னால், தன்னைப் பார்க்கத் தெரியாதவர் அல்லது மறைக்கிறவர் என்றுதான் எழுத முடியும். இதன் எதிர்முனையும் ஆபத்து: ‘எனக்குக் கோபம் வரும்’ என்று சொல்லி நிறுத்திவிட்டால் அந்தக் கோபம் மட்டும் தாளில் தங்கிவிடும்.

சரியான பதிலுக்கு நாலு துண்டு வேண்டும். உண்மையான ஒரு குறை, அது இடித்த ஒரு சம்பவம், அதற்குப் பின் செய்த மாற்றம், இன்னும் மிச்சம் இருப்பது. “எங்கேயாவது மாட்டிக்கொண்டால் உதவி கேட்கத் தயங்குவேன். ப்ராஜெக்டில் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் எர்ரரை 3 நாள் தனியாகப் பார்த்தேன். ரிவ்யூவில் கைடு 20 நிமிடத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தார். அதிலிருந்து எனக்கு நானே 2 மணி நேரம் கெடு வைத்திருக்கிறேன். அதற்கு மேல் போனால் யாரிடமாவது கேட்டுவிடுவேன். புது ஆட்களிடம் கேட்க இன்னும் கொஞ்சம் தயக்கம் உண்டு.” சொல்லிப் பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. கடைசி வாக்கியத்தை வெட்டிவிடத் தோன்றும். வெட்டாதீர்கள், முந்தைய மூன்றையும் நம்ப வைப்பது அதுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: வேலையின் மையத்திலேயே கை வைக்கும் குறையைச் சொல்லக் கூடாது. டெஸ்டிங் வேலைக்குப் போய் ‘கவனக்குறைவு’ என்றோ, கஸ்டமர் சப்போர்ட்டுக்குப் போய் ‘ஆட்களோடு பேசப் பிடிக்காது’ என்றோ சொன்னால் அது நேர்மைதான், ஆனால் அந்த வேலை உங்களுக்குச் சரிப்படாது என்பதையும் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள்.

‘நண்பரோடு சண்டை போட்டதுண்டா?’, ‘யாராவது உங்களை ஏமாற்றியிருக்கிறார்களா?’, ‘கடைசியாக எப்போது தோற்றீர்கள்?’ எல்லாம் அந்தரங்கத்தை நோண்டுவது போலத் தோன்றும். உண்மையில் இவை ‘குழுவோடு ஒத்துப்போவது’ என்ற கட்டத்துக்கானவை. நன்றாக நடத்தும் இடங்களில் 1, 3, 5 மதிப்பெண்ணுக்கு என்ன பொருள் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். தப்பு முழுக்க அடுத்தவர் மேல் என்றால் 1. தன் பங்கையும் ஒப்புக்கொண்டால் 3. தன் பங்கு, அதற்குப் பின் மாற்றியது, விளைவு மூன்றையும் சொன்னால் 5.

இங்கே பேனல் காதைத் தீட்டிக் கேட்பது ஒரு சின்னச் சொல்லை. ‘சிம்போசியத்தை நாங்கள் நடத்தினோம், நாங்கள் சமாளித்தோம்’ என்று போய்க்கொண்டே இருந்தால், ‘அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்று குறுக்கே கேள்வி வரும். நம் ஊரில் ‘நான்’ என்று பேசுவது தற்பெருமை என்று வளர்த்திருக்கிறார்கள். அந்த நல்ல பழக்கமே இங்கே பிள்ளைகளுக்குக் குழி பறிக்கிறது. ‘200 பேர் என்று சாப்பாடு சொல்லியிருந்தோம், 260 பேர் வந்தார்கள். மெஸ் பொறுப்பாளரிடம் போய் 60 பேருக்கு தக்காளி சாதம் ஏற்பாடு செய்தது நான். பதிவு 180ஐத் தாண்டும்போதே எண்ணிக்கையைச் சொல்லியிருக்க வேண்டும், அதை விட்டதும் நான்தான்’ என்றால் இரண்டு ‘நான்’ வருகிறது. ஒன்று பெருமை, ஒன்று பொறுப்பு. இரண்டும் சேர்ந்தால் தற்பெருமையாக ஒலிக்காது.

அடுத்து, வேண்டுமென்றே குத்தும் கேள்வி. ‘4 அரியர் வைத்திருக்கிறீர்கள், உங்களை ஏன் எடுக்க வேண்டும்?’ பதில் மூன்று வரியைத் தாண்டக் கூடாது: எத்தனை, ஏன் என்று ஒரே வரி, எந்த செமஸ்டரில் முடித்தேன். வீட்டுக் கஷ்டம் உண்மையாக இருந்தால் ஒரு வரி சொல்லலாம், கெஞ்சலாக நீட்டக் கூடாது. இதற்குப் பிறகு பேனல் ஒன்றும் பேசாமல் ஐந்தாறு வினாடி பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் ‘அது வந்து சார்...’ என்று ஆரம்பித்து, நல்லபடியாக முடித்த பதிலைத் தானே கலைத்துவிடுகிறவர்கள் நிறைய. பதில் முடிந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு அவர்களைப் பார்த்தபடி இருங்கள். அவர்கள் பல சமயம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் திரையில் வரும் ஆளுமைத் தேர்வுக்கு வேறு கணக்கு. முதல் உலகப் போரின்போது உளவியலாளர் ராபர்ட் வுட்வொர்த் அமெரிக்க ராணுவத்துக்காக 116 கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைத் தயாரித்தார், ‘வழக்கமாக நன்றாகத் தூங்குகிறீர்களா?’ என்பது போல ஆம், இல்லை கேள்விகள். போர்முனையில் மனம் உடைந்துபோகக் கூடியவர்களை முன்பே கண்டுபிடிப்பது நோக்கம். இன்று வேலைக்கான தேர்வுகள் அதிகம் தேடுவது பொறுப்புணர்வை. 1991இல் பேரிக், மவுன்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எல்லா வகை வேலைக்கும் பொதுவாக உதவும் குணமாக நின்றது அதுதான்.

இந்தத் தேர்வில் பிள்ளைகள் செய்யும் தவறு, ஒவ்வொரு வரிக்கும் ‘நல்ல பிள்ளை’ பதிலைத் தேர்ந்தெடுப்பது. ‘நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை’, ‘யார் மேலும் எனக்குக் கோபம் வந்ததில்லை’ போன்ற வரிகள் அதற்காகவே நடுவில் நட்டவை. எம்.எம்.பி.ஐ. என்ற பழைய உளவியல் தேர்வில் இப்படி 15 வரிகள் பொய் அளவுகோலாக இருந்தன. எல்லாவற்றிலும் குறையே இல்லாதவர் போலப் பதில் போட்டால் மொத்தத் தாளும் நம்பகமற்றது என்று குறிக்கப்படும். ஒரே விஷயத்தை வேறு சொற்களில் 8ஆம் கேள்வியிலும் 63ஆம் கேள்வியிலும் கேட்பார்கள். இரண்டும் முட்டிக்கொண்டால் அதுவும் தெரியும். இரண்டும் நல்லதாக உள்ள ஜோடியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் உண்டு, ‘கெடுவுக்குள் முடிப்பேன்’, ‘பிறருக்கு உதவுவேன்’ என்பது போல. இதில் சூது செய்ய முயன்றால் நேரம்தான் போகும். வீட்டில் இருக்கும் உங்களை நினைக்காமல், ப்ராஜெக்டிலோ லேபிலோ வேலை செய்த உங்களை மனதில் வைத்துக்கொண்டு முதலில் தோன்றுவதைப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் நடுக் கட்டத்தையே அழுத்துவதும் உதவாது.

ஆளுமைக் கேள்விகளை மிகத் தீவிரமாகப் பயன்படுத்துவது நம் ராணுவத்துக்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் சர்வீசஸ் செலக்‌ஷன் போர்டு. 5 நாள் தேர்வு. திரையில் 60 சொற்கள் ஒவ்வொன்றாக வரும், ஒன்றுக்கு 15 வினாடி, அதற்குள் ஒரு வாக்கியம். பிறகு 60 சூழ்நிலைகளுக்கு 30 நிமிடத்தில் என்ன செய்வீர்கள் என்று எழுத வேண்டும். வெற்றுப் படம் ஒன்றும் சேர்த்து 12 படங்கள். 30 வினாடி பார்த்து 4 நிமிடத்தில் கதை. நேரத்தை இப்படி இறுக்குவது, முகமூடி போட அவகாசம் தராமல் இருக்கத்தான். உளவியலாளர், நேர்காணல் அதிகாரி, குழுப் பணிகளை நடத்துபவர் மூவரும் தனித்தனியே மதிப்பிட்டு, கடைசி நாளில்தான் சேர்ந்து உட்காருகிறார்கள். ஒரு வினோதக் கேள்வியின் பதிலை மட்டும் வைத்து யாரையும் தள்ளுவதில்லை. தனியார் நிறுவனங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த அக்கறையைத்தான். யு.பி.எஸ்.சி.யின் சிவில் சர்வீசஸ் நேர்காணலுக்கும் அதிகாரப்பூர்வப் பெயர் ‘ஆளுமைத் தேர்வு’, மதிப்பெண் 275. அங்கே கேள்விகள் பெரும்பாலும் நீங்களே நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தில் இருந்து முளைக்கின்றன. பொழுதுபோக்கு என்ற இடத்தில் அழகுக்காக ஒன்றை எழுதியவர்கள் அங்கேதான் மாட்டுகிறார்கள்.

கேட்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். 1998இல் ஷ்மிட், ஹன்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல் என்று நடக்கும் நேர்காணலுக்கும் பிற்கால வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பு 0.51 என்று கண்டார்கள்; போகிற போக்கில் பேசும் நேர்காணலுக்கு 0.38. முழுத் தொடர்பு என்றால் 1. 2022இல் பால் சாக்கெட்டும் உடனிருந்தவர்களும் கணக்கைத் திருத்தியபோது இவை 0.42, 0.19 என்று இறங்கின. இரண்டாவது வகை சரிபாதியாகிவிட்டது. ஆகவே ‘எந்த விலங்கு?’ என்று கேட்கத்தான் வேண்டும் என்றால் எல்லோரிடமும் கேளுங்கள், எந்தக் கட்டத்துக்காக என்பதைக் கேட்கும் முன் முடிவு செய்யுங்கள். அந்தக் கட்டம் இல்லாவிட்டால் கேட்காதீர்கள். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை, எதிர்பாராத கேள்விக்கு இங்கிலீஷில் உடனே வார்த்தை கிடைக்காமல் திணறுவதை ‘தன்னம்பிக்கை இல்லை’ என்று எழுதுகிற பேனல்கள் இருக்கின்றன. அது பெரிய அநியாயம். மொழித் தயக்கத்தைக் குணமாகப் பதிவு செய்துவிடுகிறார்கள். ‘தமிழிலேயே சொல்லுங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தால், 30 வினாடியில் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

எல்லை தாண்டும் கேள்விகள் தனி. ‘கல்யாணம் எப்போது?’, ‘என்ன ஆளுங்க?’ இவை ஆளுமைக் கேள்விகளே அல்ல. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், வேலைக்கு ஆள் எடுக்கும்போதே பெண்களைப் பாகுபடுத்தக் கூடாது என்றது; அதன் இடத்துக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. கலிஃபோர்னியாவில் காவலாளி வேலைக்கு 704 கேள்விகள் கொண்ட உளவியல் தேர்வில் மத நம்பிக்கையையும் பாலுறவையும் நோண்டியது 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. ஆனால் 21 வயதில், வேலை வேண்டும் என்று உட்கார்ந்திருக்கும் பெண் பேனலோடு சட்டம் பேச முடியாது என்பதும் உண்மை. அதனால் கேள்விக்குப் பின்னால் இருக்கும் கவலைக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: ‘இந்த வேலையில் தொடர்ந்து இருப்பேனா என்று கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன் சார். ஷிப்ட்டுக்கும் வெளியூருக்கும் தயார். நீண்ட காலம் இருக்கும் எண்ணத்தில்தான் வந்திருக்கிறேன்.’ வெளியே வந்ததும் கேட்ட கேள்வியை அப்படியே எழுதி ப்ளேஸ்மென்ட் ஆபீசரிடம் கொடுங்கள்.

தயாரிப்புக்கு ஒரு பக்கம் போதும். ஒரு நோட்டில் உங்கள் 4 வருடத்தில் இருந்து 5 சம்பவங்களை எழுதுங்கள்: ஒன்று தோற்றது, ஒன்று சண்டை, ஒன்று கெடுவுக்குள் முடித்தது, ஒன்று புதிதாகக் கற்றது, ஒன்று யாரும் சொல்லாமல் நீங்களே எடுத்துச் செய்தது. என்.எஸ்.எஸ். கேம்ப், ஹாஸ்டல் மெஸ், அப்பா கடையில் கணக்கு பார்த்தது, எதுவும் ஆகும். ஒவ்வொன்றுக்கும் நாலு வரி: நிலைமை, என் பொறுப்பு, நான் செய்தது, முடிவு. ஏதாவது ஒரு எண் இருக்கட்டும். வாக்கியங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், சம்பவத்தை மட்டும் நினைவில் வையுங்கள். போனில் பதிவு செய்து கேளுங்கள். 90 வினாடியைத் தாண்டினால் ‘நிலைமை’ பகுதியில்தான் கொழுப்பு இருக்கும், அங்கே வெட்டுங்கள். விலங்கோ, நிறமோ, சூப்பர் பவரோ, எது வந்தாலும் இந்த ஐந்தில் ஒன்றுக்கு வழி இருக்கும்.

அப்படியும் தலை வெறுமையாகிவிட்டால் ‘10 வினாடி யோசித்துச் சொல்கிறேன்’ என்று சொல்லுங்கள். உண்மையிலேயே 10 வினாடி எடுத்துக்கொள்ளுங்கள். மேஜையில் தண்ணீர் இருந்தால் எடுத்துக் குடிக்கலாம். அதற்கு எந்தத் தாளிலும் கட்டம் இல்லை.